வட்டமாக உட்கார்ந்த எட்டுப் பேர்

வங்கி எழுத்தர் தேர்வின் ரீசனிங் பகுதியில் வருகிற மனிதர்களைப் போல ஒழுக்கமானவர்களை நான் எந்த நாவலிலும் சந்தித்ததில்லை. எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்காருவார்கள். சிலர் மையத்தைப் பார்ப்பார்கள், சிலர் முதுகைக் காட்டி வெளியே பார்ப்பார்கள். என்ன கோபம் என்று கேட்கக் கூடாது. மேசைக்கு ஒரு வாய் காபி வராது. யாரும் போனை எடுக்க மாட்டார்கள். 'பி-க்கு வலப்பக்கம் மூன்றாவது நபர் யார்?' என்று வெளியிலிருந்து ஒருவர் கேட்கும்வரை அப்படியே இருப்பார்கள்.

இந்த எட்டுப் பேரிடம் என் மகள் இரண்டு முறை தோற்றிருந்தாள். ஆங்கிலமும் கணக்கும் அவளுக்குப் பிரச்சினை இல்லை. ரீசனிங்கில் முப்பத்தைந்து கேள்விகள், இருபது நிமிடம். நேரம் முடிந்தால் திரை தானாக மூடிக்கொள்ளும். போன தடவை ஒரே வட்டத்துடன் அவள் பன்னிரண்டு நிமிடம் மல்லுக்கட்டினாள். அந்த வட்டத்தை வைத்துக் கேட்ட ஐந்து கேள்விக்கும் சரியான விடை. பின்னால் இருந்த சுலபமான கேள்விகளைத் திறக்கவே இல்லை.

மேற்குத் தாம்பரத்தில் பேக்கரிக்கு மேலே அவள் படித்த பயிற்சி வகுப்பில் ஆசிரியர் தினமும் சொல்வாராம்: "வரலையா, தாண்டிப் போ." அவளும் தலையாட்டுவாள். தாண்ட மாட்டாள். இது யாருடைய ரத்தம் என்று என் மனைவி ஆராய்ந்ததில், பிடிக்காத நாவலையும் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு ஒரு வாரம் திட்டிக்கொண்டிருப்பவன் வீட்டில் ஒருவன்தான் என்று தெரிந்தது.

இந்த மூன்றாவது முயற்சிதான் கடைசி என்று மகளே அறிவித்துவிட்டாள். முன்பு அவள் நாவலூரில் ஒரு அலுவலகத்தில், இரவு முழுக்க வெளிநாட்டுக்காரர்களின் புகார்களைப் போனில் கேட்கும் வேலை பார்த்தாள். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவளை, அங்கே டீம் லீடாக இருந்த அக்கா திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதே இரவு ஷிஃப்ட்.

"இந்தத் தடவை போச்சுன்னா நாவலூர்தான். அப்புறம் யாரும் பேங்க்னு பேச்செடுக்கக் கூடாது," என்றாள். யாரும் என்றால் நான். "பகல்ல வேலை, ராத்திரி தூக்கம். வேற என்னப்பா கேக்கறேன் நான்?"

நான் உதவ முன்வந்தேன். முதல் நாள், 'எல்லாப் பேனாக்களும் பூனைகள். சில பூனைகள் மேசைகள்' என்ற கேள்வியோடு எனக்குத் தத்துவார்த்தமான தகராறு வந்துவிட்டது.

"அப்பா, பூனை எப்படி மேசையாகும்னு யோசிக்கறவங்களுக்கு பேங்க்ல வேலை கிடையாது," என்று சொல்லிப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

இரண்டாவதாக ஒரு கண்டுபிடிப்பு செய்தேன். வெளியே பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு இடது எது, வலது எது என்பதில்தான் அவளுக்கு நேரம் போகிறது. நிஜ ஆட்களை உட்கார வைத்துப் பார்த்தால் மனத்தில் பதிந்துவிடும். தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வாய்ப்பும் வந்தது. சேலையூரில் எங்கள் அடுக்குமாடிக்கு அன்று தண்ணீர் லாரி வர வேண்டும். பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன லாரி மேடவாக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லாததால் எல்லாரும் கீழே கார் நிறுத்துமிடத்தில் இருந்தார்கள். சங்கத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன. எட்டுப் பேரை வட்டமாக உட்காரச் சொல்லி, ஆளுக்கொரு எழுத்து கொடுத்தேன்.

"இன்னா சார், மியூசிக்கல் சேரா?" என்றார் வாட்ச்மேன்.

"இல்லைங்க, பேங்க் பரீட்சை. நீங்க சி."

"சீன்றியே சார்!"

மகள் தலையில் கை வைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள். நான் குறிப்புகளைப் படித்தேன். எஃப் என்பவருக்கு உடனடி வலப்பக்கம் பி உட்கார வேண்டும். பி, தரைத்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். எஃப், இரண்டாம் மாடியில் தையல் வேலை செய்கிற அக்கா. மோட்டார் போடும் நேரம் பற்றிய தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதை நான் மறந்திருந்தேன்.

"அவர் பக்கத்துல என்னால உக்கார முடியாது," என்றார் அக்கா.

"குறிப்புல அப்படித்தான் இருக்குக்கா."

"குறிப்பை மாத்துங்க."

"எனக்கு மட்டும் ஆசையா? அந்தம்மாவை வெளியே பார்த்து உக்காரச் சொல்லுங்க சார், நான் உக்கார்றேன்," என்றார் ரயில்வேக்காரர்.

வினோதம் என்னவென்றால், அடுத்த குறிப்பில் எஃப் வெளியேதான் பார்க்க வேண்டும். அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டார். திருப்பியதும் அவருடைய வலப்பக்கம் மறுபக்கமாகிவிட்டது. ரயில்வேக்காரர் எழுந்து இந்தப் பக்கம் வந்தார். வந்து உட்கார்ந்தால் அது என் மனைவியின் இடம். "இருபத்தஞ்சு வருஷமா நான் எங்கே உக்காரணும்னு இவர்தான் சொல்றாரு," என்று அவள் எழுந்து நகர்ந்தாள். வாட்ச்மேன் நடுவில் பீடி பிடிக்கப் போய், திரும்பி வந்து, வேறொருவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் சிரிக்க ஆரம்பித்து, தூணை விட்டு வந்து, ஆட்களை நகர்த்தத் தொடங்கினாள். ஆறு பேர் சரியாக உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் இரண்டே குறிப்பு.

அப்போது லாரி ஹாரன் அடித்தது.

ஒரு நொடியில் வட்டம் இல்லை. ரயில்வேக்காரர் தொட்டி மூடியைத் தூக்க, தையல் அக்கா குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் இழுங்க!" என்று அவரிடமே கத்தினார். நான் புத்தகத்தோடு நின்று, "ரெண்டே குறிப்புங்க, முடிச்சுடலாம்," என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பா, விடுங்க," என்றாள் மகள்.

"டி-யும் எச்-சும் எங்கேன்னே தெரியலையேம்மா."

"தெரியலைன்னா என்ன? எட்டுப் பேரும் எழுந்து போய்ட்டாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. எனக்கே ஒண்ணும் ஆகல. உங்களுக்கு மட்டும்தான் ஆகுது, பாருங்க."

அன்று சாயங்காலத்திலிருந்து அவள் பயிற்சி மாறிவிட்டது. போனில் கடிகாரத்தை வைத்துக்கொள்வாள். புதிரின் முதல் சில வரிகளைப் படிப்பாள். பிடி கிடைக்கவில்லையென்றால் அடுத்த பக்கம். பாதியில் கைவிடப்பட்ட வட்டங்கள் நோட்டெல்லாம் கிடந்தன. மனைவி அவற்றை என் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

தேர்வு மையம் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி. முடிந்து வெளியே வந்தவளிடம் வாசலிலேயே கேட்டேன்.

"ரெண்டு செட்டை விட்டுட்டேன்பா. மீதி எல்லாம் போட்டேன்."

"ரெண்டா? பத்துக் கேள்விம்மா!"

"ஆமா."

"வட்டமா, வரிசையா?"

"ஞாபகம் இல்லை. பசிக்குது."

அன்றைக்கே நாவலூர் அக்காவிடமிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை வருகிறாளா, இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ரிசல்ட் வரப் பல நாள் ஆகும். இது முதல்நிலைதான்; இதில் தேறினால் எழுத வேண்டிய முதன்மைத் தேர்வு அதற்கும் அப்பால். ரிசல்ட் வரும்வரை இழுத்தடிக்கலாமே என்று நான் கையால் ஜாடை காட்டினேன்.

"வேற ஆளை எடுத்துக்கங்கக்கா. நான் வரல," என்றாள். போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

"ரிசல்ட்டே தெரியாம எப்படிம்மா..."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் மனைவி.

முதல்நிலையில் தேறினாள். முதன்மைத் தேர்வில் மயிரிழையில் தேறினாள். வங்கி அவளை ராமநாதபுரம் பக்கம், பேருந்து இரண்டு மாறிப் போக வேண்டிய ஒரு கிளையில் உட்கார வைத்தது. பல்லாவரம் கிடைக்கும், ரயிலில் போய் வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தவன் நான். தனி அறை, புது ஊர், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில் மனைவி போன் செய்தாள். நானும் காதை ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"தூங்கினியாடி?"

"ஒன்பதரைக்கே தூங்கிட்டேன்மா. வைக்கறேன், பேங்க்குக்கு நேரமாச்சு."