அண்ணையின் காரும் குகனின் கையும்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அன்பு வணக்கம். அண்ணையைப் பற்றி நல்லதை மட்டும் எழுதித் தரும்படி மச்சாள் கேட்டிருக்கிறார். அண்ணையோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியவர் கேட்கும்போது எப்படி மறுப்பது? ஆனாலும் அவர் ஒரு பிடிவாதக்காரர் என்பதை எழுதாமல் விட்டால், இது வேறு யாருக்கோ எழுதிய கட்டுரை என்று நீங்களே நினைப்பீர்கள்.

வடமராட்சியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணை. ஐயா வேளைக்கே கண்மூட, குடும்பப் பாரம் அவர் தலையில் விழுந்தது. எண்பதுகளில் டென்மார்க் வந்து, ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை உழைத்தார். என்னைக் கூப்பிட்டு எடுத்துக் கரைசேர்த்தவரும் அவரே. எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்வார். தனக்கு ஒருவர் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால்கூடக் கூச்சப்படுவார். யாருடைய கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம்.

அந்த வைராக்கியத்தைச் சனிக்கிழமை காலையில் அவர் வீட்டு முற்றத்தில் பார்க்கலாம். வெயில் ஏற முன்னரே தன் கருநீலக் காரைக் கழுவத் தொடங்கிவிடுவார். முதலில் வெறும் தண்ணீரை அடித்து, உறைபனி உருக வீதியில் கொட்டிய உப்பையும் மணலையும் போக்குவார். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் காருக்கென்றே விற்கும் சவர்க்காரம் கலந்த தண்ணீர், மற்றதில் கம்பளிக் கையுறையை அலசுவதற்கு நல்ல தண்ணீர். கூரையில் தொடங்கி மேலிருந்து கீழே வருவார். சில்லுப் பக்கத்துச் சேற்றைத் தொட்ட துணி திரும்ப மேலே போகக் கூடாது. கடைசியில் மெல்லிய துவாயை வைத்து ஒத்தி எடுப்பார். உரஞ்சினால் பெயின்றில் கீறல் விழுமாம். குளிர்காலத்துக்கு முன்னர் மெழுகு பூசுவார். பறவை எச்சம் பட்டுவிட்டால் சாப்பாட்டை விட்டு எழும்பி ஓடுவார். தன்னை ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை என்று மச்சாள் பகிடி விடுவார். அந்தக் காரில் வேறு ஒருவரும் கைவைக்க அவர் விட்டதே இல்லை.

பாரிசவாதம் வந்து அண்ணை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கார் உப்புப் படிந்து வெள்ளையாக நின்றது. எங்கள் கோயில் அன்னதானத்தில் கிடாரம் கழுவும் தம்பிமாருக்கு அதைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. குகன் தலைமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார்கள். கொண்டு வந்தது பாத்திரம் கழுவும் சவர்க்காரமும், பச்சை நிறச் சொரசொரப்புத் தும்பும். அடிப்பிடித்த பாயாசக் கிடாரத்தை எப்படித் தேய்ப்பார்களோ, அப்படியே காரையும் தேய்த்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்து, சந்தோஷமாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கார் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அண்ணை சக்கர நாற்காலியில் வீடு வந்த அன்று குகன் முற்றத்தில் தலைகுனிந்து நின்றார். செய்த வேலையின் லட்சணம் அதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது. அண்ணை காரை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன்னை உள்ளே தள்ளும்படி கைகாட்டினார். ஏசியிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் வந்தது. குளிக்க வார்க்கவென்று கொம்யூன் என்கிற நகரசபையில் இருந்து வந்தவர்களை அண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். தானே குளிப்பேன் என்றார். ஒரு பக்கம் அசையாத மனிதர் எப்படிக் குளிப்பது? மச்சாளுக்கும் தூக்கிப் பிடிக்கச் சக்தி இல்லை. இப்படியே போனால் வீட்டில் வைத்திருக்க முடியாது, பராமரிப்பு இல்லத்துக்குத்தான் போக வேண்டும் என்று தாதி வந்து சொல்லிவிட்டார். தன் வீட்டில் கண்மூட வேண்டும் என்பதுதான் அண்ணையின் ஒரே ஆசை. நான் கெஞ்சினேன், பிறகு சண்டையும் பிடித்தேன். அவர் அசையவில்லை.

அந்த நேரத்தில்தான் குகன் மன்னிப்புக் கேட்க வந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு, தான் குளிக்க வார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அண்ணை குழறிய நாக்கால் சொன்னார்:

"வா குகன். மேலையிருந்து கீழ வா. உரஞ்சாதை. ஒத்தி எடு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன்பின் ஒவ்வொரு நாள் காலையும் குகன் வேலைக்குப் போகும் வழியில் வந்தார். கீறல் போகக் காரை மினுக்கக் கொடுப்போம் என்று அவர் பல முறை கேட்டும் அண்ணை விடவில்லை. மினுக்கினால் பெயின்ற் மெலிந்துவிடும், கிடக்கட்டும் என்று விட்டார். கடைசியில் அண்ணை ஆசைப்பட்டபடியே தன் வீட்டில், தன் கட்டிலில், மச்சாளின் கையைப் பிடித்தபடி, அமைதியாகக் கண்மூடினார்.

வைத்தியர்கள், தாதியர், சமைத்துக் கொண்டு வந்தவர்கள், தூர இடங்களில் இருந்து வந்து தோள் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தத் தும்பைப் பிடித்த கைகளுக்கும்தான்.

அண்ணையைக் கடைசியாக நீராட்டிய அன்று, குகன் தலையில் தொடங்கி மெல்லக் கீழே வந்தார். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. துவாயை வைத்து ஒத்தி எடுத்தார்.

தம்பி குகன், அண்ணையின் உடம்பில் ஒரு கீறலும் இல்லை.