ஜம்புலிங்கமும் செம்புயலின் நகலும்

காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஜம்புலிங்கம் மர ஆலையின் கதவருகே நிற்கிறார். வேலை உண்டா என்று யாரையும் கேட்பதில்லை. மேஸ்திரி கிருஷ்ணமூர்த்தி பெயர்களைக் கூப்பிடும்போது ஏதாவது ஒரு பெயருக்குப் பதில் வராமல் போனால், "ஹாஜிர்" என்று குரல் கொடுக்கிறார். அன்று முழுவதும் அவர்தான் அந்த ஆள். வராதவனின் பித்தளை வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார். வராதவனின் மரத்தைத் தூக்குகிறார். வராதவனுக்கு விழ வேண்டிய வசவையும் வாங்கிக்கொள்கிறார். போர்ட் பிளேரில் இப்படி மாற்றாளாக நிற்பவர்களைப் பதலி என்கிறோம். ஜம்புலிங்கம் கப்பலைவிட்டு இறங்கிய நாளிலிருந்து பதலிதான்.

வேலை முடிந்ததும் நேராக நசீருதீன் பாயின் கடைக்கு வருவார். அங்கே பீடிக்கட்டுக்கும் சோப்புக்கும் நடுவே கயிற்றில் படக்கதைப் புத்தகங்கள் தொங்கும். வாடகைக்கு எடுக்கலாம்.

"இன்னைக்கு யாரு ஜம்பண்ணே நீங்க?"

"பக்தவத்சலம். மீசை மட்டும்தான் இல்ல பாய்."

"அவரு வீட்டம்மா குடுக்குற அடியும் பதலிக்கு உண்டா?"

"அத வாங்கத்தான் அவரே வீட்டுல இருக்காரு. அதான் இன்னைக்கு லீவு."

அவர் எடுப்பது எப்போதும் செம்புயல் கதைதான். செம்புயல் வானத்தில் பறப்பான், ஓடும் ரயிலைக் கையால் நிறுத்துவான். ஆனால் ஜம்புலிங்கத்துக்கு அவன் வேண்டாம். அவனுடைய ஒற்றைத் தலைமுடியிலிருந்து ஒரு கெட்ட விஞ்ஞானி உருவாக்கிய நகல்தான் வேண்டும். அதே முகம், அதே பலம், அதே நினைவுகள். கெட்டவனுக்கு அடங்க மறுத்த அந்த நகல், உடையப் போகும் அணையைத் தோளால் தாங்கி ஊரைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போகிறான். ஊர் செம்புயலுக்கு மாலை போடுகிறது.

சில இதழ்களில் மட்டும் வந்து போனவன் அவன். ஆனாலும் கடையில் அட்டை கிழிந்து, ஓரம் கறுத்துக் கிடப்பவை அந்த இதழ்கள்தான். தமிழ் தெரியாத வங்காளிப் பிள்ளைகள்கூடப் படம் பார்க்க அவற்றையே கேட்கிறார்கள். அதே கடையில் வாடகைக்கு எடுத்துப் படிக்கும் எனக்கு, செம்புயலின் மற்ற கதைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நகல் செத்த பக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

"அசல் இருக்கும்போது எல்லாரும் ஏன் நகலையே கேக்குறீங்க?" என்றார் பாய் ஒருநாள்.

"செம்புயலுக்கு என்ன பாய், அவன் பொறந்ததே ஜெயிக்கத்தான். இவனப் பாருங்க. அவனோட அம்மா ஊட்டுன சோறு இவனுக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அவ இவனுக்கு ஊட்டல. எல்லாம் ஞாபகம் இருக்கு, ஒண்ணுகூட இவனுக்கு நடந்ததில்ல."

பாய் சோப்பு அடுக்குவதை நிறுத்தினார். "அரே, யாவார நேரத்துல அழ வைக்காதீங்க."

வாசகர்கள் விடாமல் கேட்டதால் நகல் திரும்பி வரப்போகிறான் என்று அறிவிப்பு வந்தது. அந்த இதழ் மட்டும் எந்தக் கப்பலிலும் வரவில்லை. அந்தச் சமயத்தில் ஆலையின் நிரந்தரத் தொழிலாளி குழந்தைவேலு நெஞ்சு நோவுக்கு வைத்தியம் பார்க்க மெட்ராஸ் புறப்பட்டார். வழியனுப்பப் போன ஜம்புலிங்கம், "மெயின்லேண்டுல அந்தப் புக் கிடைச்சா ஒண்ணு வாங்கிட்டு வாங்கண்ணே" என்றார்.

மாதங்கள் போயின. தினமும் குழந்தைவேலுவின் பெயருக்கே ஜம்புலிங்கம் "ஹாஜிர்" சொன்னார். அடுத்த கப்பலிலும் ஆள் வராவிட்டால் அந்த இடம் ஜம்புலிங்கத்துக்கு என்றார் மேஸ்திரி. "பக்கா. குவார்ட்டர்ஸோட."

அன்றிலிருந்து அவர் வில்லையைப் புளி போட்டுத் துலக்கினார். டெலானிபூர் மேட்டில் காலியாக இருந்த ஒரு குவார்ட்டர்ஸை என்னிடம் காட்டினார். மன்னார்குடியில் விட்டுவந்த மனைவி மரகதத்தை அழைத்துவர அவருக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. "ஜன்னல் கடலப் பாத்து இருக்கு. அவளுக்குக் கடல்னா பயம். துணி கட்டி மறைச்சிடலாம்."

மேடு இறங்கும்போது கேட்காமலே சொன்னார்: "அவரு வரக்கூடாதுன்னு நினைச்சா பாவம். வரணும்னு நினைக்கவும் மனசு வரல தம்பி."

மழையால் தாமதமான கப்பல் சென்ற வெள்ளிக்கிழமை வந்தது. நாங்கள் கப்பல் துறையில் நின்றோம். கூட்டமெல்லாம் இறங்கிய பிறகு, கம்பியைப் பிடித்தபடி ஓர் உருவம் மெல்ல இறங்கியது. குழந்தைவேலு பாதியாக இளைத்திருந்தார்.

"டாக்டர் வேலைக்குப் போகலாம்னுட்டாரு. நீ மட்டும் இல்லன்னா என் எடத்துல எவனாவது உக்காந்திருப்பான் ஜம்பு" என்றார், மூச்சு வாங்க. பையைத் துழாவிப் புத்தகத்தை எடுத்தார். "இந்தா, நீ கேட்டது. உங்காளு பொழைச்சு வந்துட்டானாம்."

அட்டையில் ஒரே முகத்தோடு இரண்டு பேர் நின்றார்கள். ஜம்புலிங்கம் அதைப் பிரிக்கவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டார். கழுத்திலிருந்த வில்லையைக் கழற்றி, வியர்வை பட்ட பக்கத்தைச் சட்டையில் துடைத்து, குழந்தைவேலுவின் கழுத்தில் மாட்டினார். மெலிந்த கழுத்தில் கயிறு நீளமாகத் தொங்கியது. அவருக்குப் பின்னால் போய் நின்று, கயிற்றைச் சுருக்கி, அளவு பார்த்து ஒரு முடிச்சுப் போட்டார்.