கதவை மூன்று நாள் கழித்து வைக்கச் சொன்ன சரசக்கா

நண்பர்களே, நம்ம சரசக்கா நேற்று மாலை காய்ச்சலில் இறந்துவிட்டார், ஓடைக்கரைத் தகர வீடுகளைப் பற்றி நான் போட்ட அத்தனை வீடியோவிலும் பேசியது அவர்தான், எனக்கு இன்னும் எதுவும் ஓடவில்லை!

வாரமெல்லாம் பனியன் கம்பெனியில் டைலர். ஞாயிறு வந்தால், ஓடைக்கரைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பார். கூரைக்குத் தகரம், நாலு பக்கமும் தார்ப்பாய், அவ்வளவுதான். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பதி ரோட்டைப் பார்த்துக் கதவு கேட்டார்கள். "மூணு நாள் குடியிருந்து பாருங்க. காலு எந்தப் பக்கம் போகுதோ, அங்க வெச்சுக்கலாமுங்க" என்றார் அக்கா. மூன்றாம் நாள் அவர்களே குழாயடிப் பக்கம் கேட்டார்கள். ஷிப்ட் நேரத்தில் அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாவின் வீடு அந்தப் பக்கம்தான்.

இதை நான் வீடியோவாகப் போட்டதைப் பார்த்துத்தான் ஒரு இன்ஜினியர் எங்களை இலங்கைத் தமிழர் முகாமுக்குக் கூட்டிப்போனார். பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும்வரை குடும்பங்கள் தங்க ஷெட் போட வேண்டும். கதவை மூன்று நாள் கழித்து வைக்கலாம் என்று அக்கா அங்கேயும் அதையே சொன்னார். நான் குஷியாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது முகாமில் இருக்கும் தவமணியக்கா குறுக்கிட்டார்.

"தங்கச்சி, நான் இஞ்சதான் பிறந்தனான். எல்லாமே தற்காலிகம் எண்டுதான் சொல்லுகினம். கதவில்லாம மூண்டு நாள் எண்டா, அது மூண்டு வருசமாப் போகும்."

திரும்பும்போது வண்டியில் சரசக்கா சொன்னார்: "இன்னொருக்கா வந்து அவங்ககிட்டயே கேக்கோணும் கண்ணு. அதுவரைக்கும் இதப் போடாத."

நான் போட்டுவிட்டேன். அதுவும் தவமணியக்கா பேசியதை வெட்டிவிட்டு. அக்காவுக்கு எதிராக யாரும் பேசக்கூடாது என்று அப்போது தோன்றியது. லைக் குவிந்தது. அக்கா காய்ச்சலில் படுத்தார். மறுபடி கேட்கப் போகவே இல்லை.

இன்று காலை இன்ஜினியர் கூப்பிட்டார். அக்கா நினைவாக, கதவில்லாத ஷெட்டுகளே திங்கட்கிழமை வருகின்றனவாம். ஓடைக்கரையில் சரியாக வந்தது முகாமில் ஏன் தப்பாகிறது, தப்புதானா, எனக்குப் பிடிபடவில்லை. சேர்ந்து அழுவதா, தடுத்து நிறுத்துவதா என்றும் தெரியவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, "அவங்ககிட்டயே கேக்கோணும்" என்று அவர் வண்டியில் சொன்னது. முழு வீடியோவையும் வெட்டாமல் கீழே போட்டிருக்கிறேன். பழையதைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இதையும் பகிருங்கள். ஓடைக்கரைக்காரர்களே, ஞாயிறு காலை பத்து மணிக்கு முகாம் வாசலுக்கு வாருங்கள். இன்ஜினியரையும் வரச் சொல்லியிருக்கிறேன். தவமணியக்கா முதலில் பேசட்டும்.