கேட்குமுன் கொடுத்த கடவுச்சீட்டு

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு பயண வழிகாட்டி எழுதவேண்டும் என்ற யோசனை, வளைகுடா நகரம் ஒன்றின் ஹோட்டலில், பதினேழாம் மாடியில், திறக்கவே முடியாத ஜன்னலுக்கு முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு வந்தது. கையில் மாநாட்டுக்காரர்கள் அனுப்பிய நான்கு பக்க ஆலோசனை. பழைய சந்தைக்குக் காலையில் போங்கள், தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள், மண்டபத்துக்குள் குளிரும், தடித்த மேற்சட்டை ஒன்று எடுத்துவாருங்கள். எல்லாம் நல்ல விசயங்கள்தான். கடவுச்சீட்டை யாரிடமும் தூக்கிக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் எங்கும் இல்லை. எப்படி எழுதுவார்கள்? கேட்காமலே அதைக் கொடுக்கிற ஒருவன் வருவான் என்று அவர்கள் நினைத்திருப்பார்களா?

நான் கொடுத்திருந்தேன்.

எங்கள் சாய்ந்தமருதுக் கரையைக் கடல் எவ்வளவு தின்கிறது என்று மூன்று வருடமாக அளந்து எழுதிய கட்டுரை அது. மாநாட்டில் வாசிக்க வரச்சொல்லி மின்னஞ்சல் வந்த அன்று வீடு என்னைக் கொள்ளவில்லை. வாப்பா அதே நகரத்தில் பதினெட்டு வருடம் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை செய்தவர். அதனால் பெட்டி அடுக்கும்போது வாயாலே சொல்லப்பட்ட இன்னொரு வழிகாட்டியும் எனக்குக் கிடைத்தது.

“மகன், ரோட்டோரத்துல குந்திக்கிட்டு இரிக்காத. ஆரையும் படம் புடிக்காத. இறங்கினதும் பேர எழுதிப் புடிச்சிக்கிட்டு ஒருத்தன் நிப்பான். பாஸ்போட்டக் குடு. கேள்வி கேக்காத.”

“அது வேலைக்குப் போறாக்களுக்கு வாப்பா. நான் மாநாட்டுக்குத்தானே போறன்.”

“மாநாட்டுக்குப் போனாப்போல, அரபி உன்னத் தலையில தூக்கி வெச்சி ஆடுவானாக்கும்!”

“போற புள்ளைய ஏன் பயங்காட்டுறீங்க?” என்றார் உம்மா குசினிக்குள்ளிருந்து. “மாசிச் சம்பல் போத்தல வெச்சாச்சா எண்டு பாருங்க.”

நான் சிரித்தேன். வியாழன் பின்னேரம் விமான நிலையத்தில் சீருடை போட்ட ஒரு மலையாளிச் சாரதி என் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியாது, கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்க் கடவுச்சீட்டை எடுத்து நீட்டியது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, வாங்கி, காரின் முன்பெட்டிக்குள் போட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: முதல் வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன் என்றொரு நிம்மதிதான் எனக்கு வந்தது. ஹோட்டலில் வரவேற்பு மேசைப் பெண் கேட்டபோதும், “சாரதியிடம் இருக்கிறது” என்றேன். எனக்குப் பின்னால் நீள வரிசை. கைபேசியில் இருந்த கடவுச்சீட்டுப் படத்தைப் பார்த்துப் பதிந்துகொண்டு, பிறகு கொண்டுவந்து காட்டச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சுற்றிப் பார்க்கிற நாள். காலைச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே நேபாளத்து ஆய்வாளர் ஒருவர் இருந்தார். பழைய சந்தைக்கு பஸ் பத்து மணிக்கு, வழியில் சோதிப்பார்களாம், கடவுச்சீட்டை மறக்கவேண்டாம் என்று சொல்லித் தன்னுடையதைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சுற்றிப் பார்த்தேன். எல்லோரிடமும் அவரவருடையது இருந்தது. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

ஜன்னலால் பார்த்தால் அந்தச் சந்தைக் கூரை தெரியும். ஆனால் இடையில் அகலமான பெருந்தெரு, நடந்து கடக்க வழியே இல்லை. வரைபடத்தில் கிட்ட இருப்பதெல்லாம் அங்கே கிட்ட இல்லை. இதையும் வழிகாட்டியில் எழுதியிருக்கிறேன். பஸ் போனது, திரும்பி வந்தது. உம்மா கட்டித்தந்த மாசிச் சம்பலைப் பாணில் தொட்டுத் தின்றேன். அறைக் கதவை யாரும் பூட்டவில்லை, கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும். இரண்டு தரம் திருப்பியும் பார்த்தேன். வெளியே மறித்துக் கேட்டால் எதைக் காட்டுவேன்? ஞாயிறு பகல் ஒரு மணிக்கு விமானம், அது கையில் வராவிட்டால் எப்படிப் போவேன்? கீழே போய்ச் சொல்லவும் வாய் வரவில்லை. கேட்காமலே கொடுத்தேன் என்பதை எந்த முகத்தோடு சொல்வது?

அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பதறுவார் என்று நினைத்தேன்.

“அதுதானே வழம” என்றார். “போற அண்டைக்குத் தருவானுகள்.”

“வாப்பா, இஞ்ச ஒருத்தரும் குடுக்கல்ல. நான் மட்டுந்தான் குடுத்திரிக்கன்.”

“பதினெட்டு வருசம் என்ட பாஸ்போட் கபீல்ட லாச்சிக்குள்ளதான் கிடந்திச்சி. எனக்கென்ன, ஏதும் கொறஞ்சா போச்சி?”

வேலைக்கு எடுத்த முதலாளியைத்தான் அவர் கபீல் என்பார்; மேசை இழுப்பறை எங்களுக்கு லாச்சி.

“நீங்க ஒருநாளும் கேக்கல்லயா?”

அவர் மின்விசிறியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

“ஒருக்காக் கேட்டன். நீ பொறந்த நேரம். கபீல் லாச்சியப் பூட்டிக்கிட்டு வெளிநாடு போயிட்டான். வந்தாப் பொறகு கேட்டா, வாற வருசம் பாப்பம் எண்டான். அதோட உட்டுட்டன்.”

வாப்பாவை நான் முதன்முதல் கண்டபோது எனக்கு நாலு வயது. லீவு கிடைக்கவில்லை என்றுதான் வீட்டில் எப்போதும் சொல்வார்கள்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். வரவேற்பு மேசைப் பெண்ணிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சாரதியின் இலக்கத்தைத் தேடி எடுத்து, அழைத்து, தொலைபேசியை என்னிடம் தந்தாள்.

“ஐயோ தம்பி, அது எங்க ஆபீஸ் ட்ராயர்ல பத்திரமா உண்டு” என்றார் சாரதி. “இன்னைக்கும் நாளைக்கும் லீவு. சாவி மேனேஜர்கிட்ட. ஞாயிறு காலைல எடுத்துத் தரலாம்.”

பூட்டிய லாச்சி. அதே நகரம். சனிக்கிழமை முழுக்க அந்தக் குளிர் மண்டபத்தில் என் சட்டைப்பையையே தடவிக்கொண்டிருந்தேன். மேடையில் எங்கள் கடலைப் பற்றிப் பேசும்போதும் ஒரு கை பையின்மேல்தான். கேள்வி நேரத்தில் ஒருவர், கரை உள்ளே வந்தால் மக்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். தயாரித்து வைத்திருந்த பதிலைத் தாளைப் பார்த்து வாசித்துவிட்டு இறங்கினேன்.

ஞாயிறு ஒன்பது மணிக்குச் சாரதி வந்தார், கடவுச்சீட்டை ஆட்டிக்கொண்டு.

“நான் கேட்டேனா தம்பி? நீங்கதானே நீட்டினது! மாநாட்டுக்கு வர்ற பெரிய ஆளுங்க யாரும் எனக்கு இதைத் தந்ததில்ல. ஹோட்டல்ல ஏதோ புதுச் சட்டம்னு நினைச்சு. யார் சொல்லித் தந்தது?”

“வாப்பா. இங்க வேலை செஞ்சவர்.”

அவர் சிரிப்பு நின்றது. “அந்த ட்ராயர்ல என்னோடதும் உண்டு” என்றார்.

விமான நிலையத்தில் என்னை இறக்கிவிட்டு, அடுத்தவருடைய பெயர் எழுதிய அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வழிகாட்டி இப்போது ஆறு பக்கம் வந்துவிட்டது. மேற்சட்டை, தண்ணீர், நடக்க முடியாத தெரு, எல்லாம் உண்டு. முதல் வரி: கடவுச்சீட்டைக் காட்டலாம், எழுதிக்கொள்ளக் கொடுக்கலாம், எழுதி முடியும்வரை பக்கத்திலேயே நின்று திரும்ப வாங்கவேண்டும். வாப்பா கண்ணாடியைப் போட்டு அதை இரண்டு தரம் வாசித்தார். “எழுதுறது லேசு” என்றார்.

அடுத்த மாதம் அவரும் உம்மாவும் உம்றா யாத்திரைக்குப் போகிறார்கள். ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவர் நேற்று அழைத்து, அங்கே இறங்கியதும் எல்லோருடைய கடவுச்சீட்டுகளையும் தானே சேர்த்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். வாப்பா உடனே “ஓம், ஓம்” என்றுவிட்டார். கல்முனையில் கழுத்தில் மாட்டுகிற சின்னத் துணிப்பை ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். இன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு அவர் கடற்கரைக்கு வெளிக்கிடும்போது, கடவுச்சீட்டை அதற்குள் வைத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டு நானும் கூடப் போகப்போகிறேன். வழியில் நான்தான் அந்தக் கூட்டிப்போகிறவராக நடிப்பேன். கையை நீட்டி, “பாஸ்போட்டத் தாங்க ஹாஜியார்” என்பேன். “என்னட்டயே இரிக்கட்டும்” என்று அவர் சொல்லும்வரை, தினமும் கேட்டுப் பார்க்கவேண்டும்.