மானின் நாலாவது கால்

மான் என்றால் நாலு கால் இருந்தே தீர வேண்டும் என்று நான் நம்பியதுதான் இத்தனைக்கும் காரணம். இரண்டு வருடங்களுக்கு முன், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓர் இரும்பு மானை என் லோடு ஆட்டோவில் ஏற்றிப் போனேன்.

மான் என் மதினி செய்தது. அண்ணன் மனைவி, ஓவிய ஆசிரியை. மலைப்பாறையில் ஆதிமனிதர்கள் வெள்ளை நிறத்தில் தீட்டிய மானைப் பார்த்து, மில்லில் கழித்துப்போட்ட கம்பிகளை வளைத்து, மாதக்கணக்கில் உழைத்துச் செய்த சிற்பம். அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபம் ஒன்றில் அவருடைய முதல் கண்காட்சி.

"பாத்துக் கொண்டு போங்க கொழுந்தனாரே. ஒரு கம்பி நெளிஞ்சாலும் உங்கள நெளிச்சிருவேன்" என்று சாக்கில் சுற்றிக் கொடுத்தார்.

மண்டபத்தில் இறக்கிச் சாக்கைப் பிரித்தேன். மூன்று கால்! மறுபடி எண்ணினேன். என் காலையும் சேர்த்து எண்ணும் அளவுக்குக் குழம்பிப் போனேன். வழியில்தான் விழுந்திருக்க வேண்டும். மதினிக்குப் போன் போடத் தைரியம் இல்லை. வந்த வழியே திரும்பி, ரோட்டோரம் குனிந்து தேடினேன்.

"என்னத்த அண்ணாச்சி தேடுதிய?" என்றார் ஒரு டீக்கடைக்காரர்.

"மான் காலு."

"அய்யய்யோ, சத்தமாச் சொல்லாதிய! ஃபாரஸ்ட்காரன் காதுல விழுந்தா இன்னைக்கே தூக்கி உள்ள வச்சிருவான்."

கால் கிடைக்கவில்லை. மண்டபத்துக்குப் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரரை இழுத்து வந்தேன்.

"குளம்பும் வைக்கணுமாண்ணே?"

"வைங்க, நல்லாவே வைங்க."

பளபளவென்று புதுக் கால் முளைத்தது. மானை முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

மதினி வந்தார். மானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஒரு காலு விழுந்திருச்சு மதினி... அதான்..."

"எந்தக் காலு?"

போனில் அந்தப் பாறையின் படத்தைக் காட்டினார். மழைத்தண்ணீர் வழிந்த தடத்தில் மானின் ஒரு கால் அழிந்து போயிருந்தது.

"பாறையில மிச்சம் இருந்ததத்தான் செஞ்சேன். அது எம்புட்டு வருசமா மூணு காலோட நிக்குது! உங்களுக்குச் செத்த நேரம் பொறுக்கலியே!"

சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பட்டறைக்காரர் மறுபடி வந்து, தான் வைத்த காலைத் தானே வெட்டினார். வெட்டிய தழும்பைத் தேய்க்க நேரமில்லை. அது என்னவென்று கேட்டவர்களிடமெல்லாம், "அது எங்க குடும்ப விஷயம்" என்று மதினி என்னைக் காட்டிக் கொடுக்காமல் சமாளித்தார்.

இப்போதெல்லாம் பதறினால், முதலில் ஒரு போன் போட்டுக் கேட்கிறேன். அன்றைக்கு வழியில் எதுவுமே விழவில்லை. அந்த மானுக்கு மதினி வைத்ததே மூன்று கால்தான்.