ஒரு p கூடியதால் இடிந்த பள்ளிக்கூடம்

1. அரிசி வராத நாள்

காலை பத்தரை மணி இருக்கும். மதிய உணவு சமைக்கும் கன்னியம்மா என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"சார், இன்னிக்கு அரிசி வரல. வண்டிக்காரனுக்குப் போன் போட்டேன். உங்க ஸ்கூலுதான் இடிஞ்சிபோச்சாமே, யாருக்கு எடுத்தாறதுன்னு கேக்கறான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கூரை இருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் மேலே பார்த்தார்கள்.

"எங்கயும் இடியலியே," என்றேன்.

"எனக்குத் தெரியுது சார். அவன் நம்ப மாட்டேன்றான்."

ஆந்திராவில், சத்தியவேடு பக்கத்துத் தமிழ் மீடியம் நடுநிலைப் பள்ளி அது. சித்தூர் ஜில்லா பிரிந்து நாங்கள் திருப்பதி ஜில்லாவுக்குப் போன மறு வருஷம். நான் அங்கே ஆங்கில ஆசிரியர். அன்று கன்னியம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிசியில்தான் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பள்ளி இடிந்ததற்குக் காரணம் நான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2. நான் செய்த திருத்தம்

இரண்டு வாரம் முன்பு, சுவருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிப்பதற்காக எல்லா வகுப்பறைகளிலும் பழைய சுண்ணாம்பைச் சுரண்டியிருந்தோம். அதைச் சொல்லி மண்டலக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. தலைமை ஆசிரியை சரளா மேடம் தானே எழுதி, ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்று என் வகுப்புக்கே கொண்டுவந்தார்.

நான் அந்த நேரத்தில் கரும்பலகையில் stop stopped, drop dropped, clap clapped என்று வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். 'கடைசியில் ஒரு மெய்யெழுத்து, அதற்கு முன்னால் ஒரே ஒரு உயிரெழுத்து என்றால், மெய்யை இரட்டித்து ed சேர்' என்பது அன்றைய பாடம். மேடத்தின் கடிதத்தில் இப்படி இருந்தது: All the classroom walls have been scraped completely. Kindly do the needful.

"மேடம், இதுல ரெண்டு p வரணும்," என்றேன்.

"அப்படியா சார்? scrape இல்லியா இது?"

"clap, clapped. scrap, scrapped. இப்பதான் பசங்களுக்கு நடத்திக்கினு இருக்கேன்."

பிள்ளைகள் முன்னாலேயே சிவப்புப் பேனாவால் இன்னொரு p போட்டேன். மேடம் மறுபேச்சு பேசாமல் அப்படியே வேறு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவர் எழுதியபடி, சுவர்கள் முழுவதும் சுரண்டப்பட்டிருந்தன. நான் திருத்தியபடி, சுவர்களே வேண்டாம் என்று ஒழித்துக்கட்டப்பட்டிருந்தன. தகுந்த நடவடிக்கை எடுக்கும்படியும் நாங்களே கேட்டிருந்தோம். எடுத்துவிட்டார்கள்.

3. டிராக்டர்

அரிசி வராத நாளுக்கு மறுநாள் ஒரு டிராக்டர் வந்தது. நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் அதிலிருந்து இறங்கினார். இடிந்த பள்ளியின் பெஞ்சுகளை எடுத்துக்கொள்ள ஆர்டர் இருக்கிறது என்று காட்டினார். எங்கள் பிள்ளைகள் அறுபத்திரண்டு பேரையும் அவர் பள்ளியில் சேர்த்தாகிவிட்டதாம்.

"பெஞ்சுல பசங்க உக்காந்துகினு இருக்காங்க சார்," என்றார் மேடம்.

"அவங்களும் எங்க பசங்கதான் மேடம் இப்போ. எழுந்துக்கச் சொல்லுங்க," என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. ஆர்டரை நம்பும் மனிதர். கட்டடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். வராண்டா நிழலில் நின்று ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகு, "இருக்கற மாதிரிதான் தெரியுது. எதுக்கும் மேல கேட்டுக்கினு வரேன்," என்று காலி டிராக்டரோடு போனார்.

4. அலுவலகத்தில் நடத்திய பாடம்

மேடமும் நானும் மண்டல அலுவலகத்துக்குப் போனோம். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் எங்கள் பள்ளியின் எண்ணை அடித்துப் பார்த்து, "ஸ்கூல் லேது சார்," என்றார். பள்ளி இல்லை. சொன்ன குரலில் துக்கம் விசாரிக்கும் மரியாதை இருந்தது.

அதிகாரி எங்கள் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றாமல் படித்தார்.

"சுவரெல்லாம் ஸ்க்ராப் ஆயிடிச்சின்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"கட்டடம் இருக்கு சார்," என்றார் மேடம்.

"இருக்கலாம்மா. பேப்பர்ல இல்லியே."

தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒரு p அதிகம் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு எழுத்தால் ஒரு பள்ளிக்கூடம் போகுமா, விளக்குங்கள் என்றார். அலுவலகத்துச் சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையில், லீவு எடுத்தவர்கள் பட்டியலை அழித்துவிட்டு எழுதிக் காட்டினேன். e-யில் முடியும் வினைச்சொல்லுக்கு வெறும் d போதும். scrape, scraped. அதேபோல hope, hoped. இரட்டித்து hopped என்று எழுதினால், நொண்டியடித்தோம் என்று அர்த்தம்.

பின்னால் இருந்த கிளார்க் மெதுவாக எழுந்து ஒரு ஃபைலை எடுத்துவந்தார். ஜில்லா அலுவலகத்துக்கு அவர்கள் அனுப்பிய கடிதத்தின் நகல். சீக்கிரம் அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்த்தோம் என்பதற்கு, We hopped for early sanction என்று இருந்தது.

அதிகாரி அதைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். "அதான் இன்னும் பதில் வரலியா?" என்று கிளார்க்கைக் கேட்டார்.

"இருக்கும் சார்," என்றார் கிளார்க்.

அதற்குப் பிறகு அதிகாரிக்கு எங்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டரில் இடித்ததை இடிக்கவில்லை என்று மாற்ற வழி கிடையாது. புதிதாகக் கட்டியதாகத்தான் சேர்க்க முடியும். அதற்கு ஒரு இன்ஜினீயர் வந்து பார்க்க வேண்டும்.

திருப்பதியிலிருந்து வந்த இன்ஜினீயர் இளைஞர். சாவியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். டேப் வைத்து நீள அகலம் அளந்தார். அவர் படிவத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன. 'வேலை நடக்கிறது', 'வேலை முடிந்தது'. வெகுநேரம் யோசித்து இரண்டாவதில் டிக் போட்டார்.

பதினோராம் நாள் அரிசி வந்தது. ரிக்கார்டுப்படி எங்கள் பள்ளி அந்தப் பதினோரு நாளுக்குள் முழுசாக இடிந்து, முழுசாகக் கட்டப்பட்டது. புதுக் கட்டடம் என்பதால் ஐந்து வருஷத்துக்குப் பெயிண்ட் கிடையாது என்று கூடவே ஒரு ஆர்டரும் வந்தது.

5. ரேவதி சொன்னது

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். scrap, scrape இரண்டையும் பலகையில் எழுதி, scrape-இன் கடைசி e-யை அழித்துவிட்டு, ed சேர்த்துக் காட்டினேன். ரேவதி என்ற பெண் எழுந்தாள். அவள் நைனா ஏர்பேடு பக்கம் கரும்பு வெட்டப் போவார். அவளும் பாதி நாள் கூடப் போய்விடுவாள்.

"சார், e போயிடிச்சின்னா, மொதல்ல இருந்திச்சா இல்லியான்னு எப்டி தெரியும்?"

இருபத்தாறு வருஷத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. மனப்பாடம் செய்துகொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே உதட்டை அசைத்து எதையோ சொல்லிப் பார்த்தாள்.

"கல்லெடுத்தான்னா ரெண்டு ல் வருது. காலெடுத்தான்னா ஒண்ணுதான் சார். குறிலுன்னா ரெட்டிக்குது, நெடிலுன்னா ரெட்டிக்கல. இங்கிலீஷும் அப்டித்தானா?"

ஸ்டெப் குறில், stepped. ரப் குறில், rubbed. டேப் நெடில், taped. ஸ்க்ரேப் நெடில், scraped. ரெயின்கூட நீளம்தான், rained. நான் எழுத எழுதப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். எல்லாம் பொருந்தாது. cook குறில்தான், ஆனால் k இரட்டிக்காது. scrap என்பதைத் தமிழில் எழுதினால் நெடிலாகிவிடும், ஆங்கில வாயில் குறில். இருந்தாலும், கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவர்கள் அன்றிலிருந்து காதால் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். பரீட்சைத் தாளில் cookked குறையவில்லை. மற்ற தப்பெல்லாம் குறைந்தது.

ரேவதி அப்படிக் கேட்ட அன்றே சாயந்திரம் சரளா மேடத்தைக் கூட்டிவந்து, அதே வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுதியதுதான் சரி என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

"விடுங்க சார்," என்றார். "நான் எழுதினது சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க அவ்ளோ உறுதியா சொன்னதால எனக்கே சந்தேகம் வந்திடிச்சி."

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஸ்பெல்லிங் பற்றி அல்ல. விதி தெரிந்தவர் உறுதியாகப் பேசினால், சரியாக எழுதியவர்கூடத் தான் எழுதியதை மாற்றிக்கொள்வார். ஏழாம் வகுப்புப் பிள்ளை எம்மாத்திரம்.