அக்கா விழுங்கிய களி

காரிமங்கலத்தை அடுத்த மானாவாரிக் காட்டில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அக்கா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவைக் கைப்பிடித்தபின் தக்காளித் தோட்டத்தில் பாடுபட்டு இரண்டு பெண்களையும் படிக்கவைத்தார். வாய் சற்று நீளம். மனத்தில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்.

புகையிலையைத் தொட்டே அறியாதவருக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. சேலத்தில் கீமோவும், ஊரார் கரண்டு வைப்பது என்கிற கதிர் சிகிச்சையும் ஒருசேரத் தொடங்கின. தலைமுடி கொட்டியது, நெஞ்சுத் தோல் கறுத்தது. அதையெல்லாம் அக்கா சட்டை செய்யவில்லை. உணவுக்குழாய் புண்ணானதுதான் அவரை ஆட்டிவைத்தது. எச்சிலை விழுங்கினாலும் கண்ணில் நீர் முட்டும். எங்கள் பக்கம் கேழ்வரகுக் களியை மெல்லுவதில்லை. குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவோம். களியில்லாமல் பொழுது போகாத மனுஷிக்கு ஆறிய கஞ்சியே ஆகாரமானது.

பார்க்க வந்தவர்களெல்லாம் கரண்டு வைப்பதுதான் ஆளைத் தின்கிறது, நிறுத்திவிடுங்கள் என்றார்கள். எங்கள் சித்தப்பாவும் வற்புறுத்தினார். அக்கா கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

“வலிக்குதுங்க சித்தப்பா, இல்லேன்னு சொல்லல. பாதியில வுட்டா இதுவரைக்கும் பட்டதெல்லாம் வீணுங்க. முடிச்சுட்டு வந்து உங்க முன்னாலயே களி முழுங்குறேன், பாருங்க.”

முடித்தார். புண் ஆறச் சில வாரங்கள் பிடித்தன. ஒரு ஞாயிறன்று சித்தப்பாவை வரவழைத்து எதிரில் உட்காரவைத்து, அவரைக்கொட்டைக் குழம்பில் தோய்த்த ஓர் உருண்டையை விழுங்கினார். முகம் சுளித்தது. ஆனாலும் அடுத்ததை எடுத்தார். சித்தப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சின்ன மகள் கல்யாணத்தில், விரலுக்கும் அகப்படாத முடியோடு, முக்காடு போடாமல் மணமேடையில் நின்றார். அதன் பிறகே நோய் கல்லீரலுக்குப் பரவி அவரைக் கொண்டுபோனது.

சிகிச்சைதான் கொன்றது என்று இன்றும் சிலர் முணுமுணுக்கிறார்கள். அச்சில் போட்டே சொல்கிறேன்: அக்காவைக் கொன்றது புற்றுநோய். சிகிச்சையால் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்தக் கல்யாணத்தைப் பார்த்ததும் அதனால்தான்.

கஞ்சியை ஆற்றிக் கொடுத்துக் கை சலிக்காத மாமாவுக்கும், அதட்டாமல் பேசிய செவிலியர்களுக்கும், சேலம் பஸ்ஸில் தினமும் இடம் பிடித்துத் தந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நிறுத்தச் சொன்னவர்களுக்கும் நன்றி. உங்களால் அக்காவின் வீம்பு கூடியது.

இந்த முதலாண்டுப் படையலுக்கு என்ன வைப்பது என்று பேசினோம். பாவம், தொண்டைக்கு இதமாகப் பாயசம் போதும் என்றார் ஒருவர். சித்தப்பா தலையை ஆட்டி மறுத்தார்.

“களி வைம்மா. அவ முழுங்குவா.”